உச்சி வெயிலில் தட்டான்



அக்னி நட்சத்திர நாளில், பகல் பன்னிரண்டு மணிக்குத் திண்டுக்கல்லில் வெளியே கிளம்பினால் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். காக்கைகூட வேப்பமரத்துக்குள் ஒடுங்கிவிடும் நேரம் அது. ஆனால் தட்டானைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் நேரம் அதுதான்.

விடியற்காலையில் போகச் சொல்வதுதான் வழக்கம். அதில் தவறில்லை. வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் தட்டானுக்குச் சிறகு நன்றாக இயங்கும். அதுவரை பனி நனைத்த புல்லில் அசையாமல் தொங்கும். பக்கத்தில் போய்ப் பொறுமையாக எடுக்கலாம். ஆனால் நீங்கள் எடுப்பது இன்னும் விழிக்காத தட்டானை. இத்தனை சிறிய உயிர் இவ்வளவு வெயிலை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால், அந்த வெயிலுக்குள்தான் போக வேண்டும்.

ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தின் ஓரம் போல, கரையில் கோரையும் காய்ந்த குச்சியும் நிற்கிற இடமாகப் பாருங்கள். குச்சி நுனியில் செக்கச்செவேலென்று ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கும். காலையில் அதன் வால் தரைக்கு இணையாக நீண்டிருக்கும். வெயில் ஏற ஏற வாலும் மெல்ல உயரும். உச்சிப்பொழுதில் தலை கீழே, வால் நேர் மேலே. வால் நுனி சூரியனையே குறிபார்க்கும். அப்போது கீழே விழும் நிழலைக் கவனியுங்கள்: காலையில் நீளமாகக் கிடந்தது, இப்போது வெறும் புள்ளி. நிழல் சுருங்கியிருக்கிறது என்றால், உடம்பில் வெயில் படும் பரப்பும் சுருங்கியிருக்கிறது என்று பொருள். எகிப்தின் கல்தூண்களை நினைத்து இதற்கு ஒபிலிஸ்க் நிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் விளக்கால் சூடேற்றியபோது தட்டான்கள் வாலைத் தூக்கின. வெளியில் அவற்றின்மேல் நிழல் விழச் செய்தபோது இறக்கிக்கொண்டன. ஆகவே குடையோடு போகாதீர்கள். உங்கள் குடை நிழல் அதன்மேல் விழுந்தால், நீங்கள் தேடிப்போன காட்சியே கலைந்துவிடும். தலைக்கு ஒரு தொப்பி, குடிக்க மோர், அது போதும்.

துரத்தவும் வேண்டாம். பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும். குனிந்து, கையை வீசாமல், பக்கவாட்டில் நெருங்குங்கள். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, லென்ஸ் அதன் உடம்புக்கு நேராக இருக்கும்படி வைத்தால்தான் கண்ணும் வால் நுனியும் சேர்ந்து தெளிவாக விழும். அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது 11 வைக்கலாம். அப்படி வைத்தும் ஷட்டரை 1/1000 நொடிக்குக் கொண்டுபோக முடியும். இது கோடை தருகிற வசதி. தொல்லையும் உண்டு. படத்தில் சிவப்பு நிறம் எளிதில் ஒரே திட்டாகி, உடம்பின் நெளிவு சுளிவு எல்லாம் அழிந்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். வெளிறிய வானத்தைப் பின்னணியாக்காமல் மரநிழல் விழுந்த தண்ணீரைப் பின்னால் வையுங்கள். செல்போனில் எடுப்பதானால் அது சூடேறி அணைந்துவிடக்கூடும். எடுக்காத நேரத்தில் துணிப்பைக்குள் போட்டு வையுங்கள்.

அந்தச் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆண் தட்டான் பிறக்கும்போதே சிவப்பில்லை. இளமையில் மஞ்சள், முதிர்ந்த பிறகே சிவக்கும். 2012-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இப்படிச் சிவக்கும் தட்டான்களைச் சோதித்தார்கள். நிறமி புதிதாக வருவதில்லை, இருக்கிற நிறமியே வேதிமாற்றம் அடைந்து சிவக்கிறது என்று கண்டார்கள். மஞ்சள் தட்டானுக்குள் வைட்டமின் சி-யைச் செலுத்தியபோது அதுவும் சிவந்தது! கொளுத்தும் வெயில் உடலில் செய்யும் கேட்டை இந்தச் சிவப்பு தணிக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நிறம் வெறும் அழகாகத் தெரியவில்லை.

குளம் வற்றிவிட்டதா? திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு வாருங்கள். அங்கே தேட வேண்டியது பிராடினோபிகா ஜெமினேட்டா என்ற தட்டான். 1842-இல் ராம்பூர் என்ற பூச்சியியலாளர் பெயரிட்ட இனம் இது. சாம்பலும் கறுப்புமாகப் பாறையின் நிறமே அதன் நிறம். சிறகை விரித்து, பாறையோடு பாறையாக ஒட்டி உட்காரும். கண்ணெதிரே இருந்தும் தெரியாது; பறந்தால்தான் தெரியும். அது உட்காரும் இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டே நெருங்க வேண்டும். இதை மேலிருந்து படம் எடுத்தால் பயனில்லை. பாறையோடு கன்னத்தை வைத்து ஓரத்திலிருந்து எடுத்தால் சிறகு தனியாக, கல் தனியாகத் தெரியும். கல் கொதிக்கும், எச்சரிக்கை.

பாறைச் சுனையில் முட்டையிடும் இந்தத் தட்டான், ஊருக்குள் சிமென்ட் தொட்டியையும் சுனையாகவே எடுத்துக்கொள்ளும். அதன் இளம்பூச்சி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைத் தின்பதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆகவே தொட்டி கழுவும்போது அடியில் ஆறு காலோடு பழுப்பாக ஊர்வதைக் கண்டால், பிளீச்சிங் பவுடர் போடுமுன் ஒரு வாளியில் எடுத்து வையுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் வாடை போன பிறகு திரும்ப விடலாம். வளர்ந்ததும் அது தொட்டிச் சுவரில் ஏறித் தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். அந்தக் காலித் தோல் சுவரிலேயே ஒட்டியிருக்கும். முதல் படத்துக்கு அதுவே போதும்.