எந்தத் தலைக்கவசம் வாங்குவது?



தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, இப்போதெல்லாம் வீட்டு வாசல்களில் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கிறது. ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்கிறார்கள். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியாகச் சிலர் உட்லண்ட்சுக்குப் போகிறார்கள். 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் வழியாகச் சிலர் துவாசுக்குப் போகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்புகிறார்கள். அவர்கள் கொண்டு வரும் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அப்படிப் போய்வந்தவர்களில் ஒருவன் என்னிடம் படித்த மாணவன். மழை பெய்த ஒரு விடியற்காலையில் அவனுடைய வண்டி சாலையில் சறுக்கியது. தலையில் கவசம் இருந்தது, வாரும் மாட்டியிருந்தான். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முகம் தரையில் அடித்துக் கீழ்த்தாடை உடைந்துவிட்டது. தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் அவன் கஞ்சியையும் பாலையும் உறிஞ்சித்தான் குடித்தான். அத்தனை நாளும் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

பார்க்கப் போன என்னிடம் அவன் தாயார் கேட்டார்: "டீச்சர், நீங்க சொன்ன மாதிரி தொப்பி போட்டுத்தானே போனான்? அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. "தலைக்கவசம் போடு" என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். எந்தத் தலைக்கவசம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்பவரின் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆகவே அந்தத் தாயாரின் கேள்வியையே இன்றைய பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

கவசம் எப்படி வேலை செய்கிறது? ஒரு முட்டையைத் தகர டப்பாவில் போட்டுக் கீழே எறியுங்கள். டப்பா உடையாது, முட்டை உடைந்துவிடும். அதே டப்பாவில் பஞ்சை அடைத்து நடுவில் முட்டையை வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடும். தலைக்கவசத்தின் வெளி ஓடு அந்த டப்பாவைப் போன்றது. அதற்குள் இருக்கும் வெள்ளை நுரைதான் உயிரைக் காப்பது. வானொலிப் பெட்டி, மின்விசிறி வாங்கும்போது உடையாமல் இருக்க அட்டைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, ஏறத்தாழ அதே வகை நுரை. அடிபடும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்குள் அடியின் வேகம் குறைந்துவிடுகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வராது.

செம்பனை வெட்டும்போது போடும் தொப்பியையே போட்டுக்கொண்டு சிலர் வண்டி ஓட்டுகிறார்கள். அது மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது. பக்கவாட்டில் வரும் அடிக்கு அது ஈடு கொடுக்காது. விழும்போது தலையை விட்டே பறந்துவிடும்.

இந்த அறிவு உலகுக்கு ஒரு மரணத்தின் மூலம் வந்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அதன் பின் அவர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் வண்டியோட்டும் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. மலேசியாவில் 1973-இல் அது சட்டமாயிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு, கவசம் அணிவதால் விபத்தில் இறக்கும் வாய்ப்பு 42 விழுக்காடும் தலையில் காயம்படும் வாய்ப்பு 69 விழுக்காடும் குறைகின்றன என்று கூறுகிறது.

சரி, இனி வகைகளுக்கு வருவோம். முகம் திறந்த கவசம் நெற்றி, உச்சி, காது, பிடரி ஆகியவற்றை மூடும். கன்னத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது. முன்னால் தொங்கும் கண்ணாடி மழையையும் பூச்சியையும் தடுக்குமே தவிர அடியைத் தடுக்காது. முழுமுகக் கவசத்தில் வாய்க்கும் தாடைக்கும் முன்னால் ஓடு ஒரு பட்டையாகச் சுற்றி வரும். என் மாணவன் அணிந்திருந்தது முதல் வகை. தாயாரின் கேள்விக்கு விடை இதுதான்: கவசம் தான் மூடிய இடத்தைக் காத்தது, மூடாத இடத்தைக் காக்க அதனால் முடியவில்லை.

முழுமுகக் கவசத்தின் மேல் சொல்லப்படும் குறைகளையும் பார்ப்போம். "காது கேட்காது, பக்கம் தெரியாது" என்பார்கள். அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. கவசத்தினால் காது கேளாமலோ கண் மறைந்தோ விபத்து நேரவில்லை என்றும், முழுமுகக் கவசம் முகக் காயங்களைப் பெரிதும் குறைக்கிறது என்றும் அதில் கண்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: வெயில் நாளிலும் குறுகிய பயணத்திலும்தான் கவசத்தைக் கழற்றி வைப்பவர்கள் அதிகம். நம் தோட்டத்துக் கடைக்குப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள்!

"புழுங்குகிறது" என்பது மெய்யான குறை. அதை நான் மறுக்க மாட்டேன். காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் வண்டி ஓடும்போது ஓரளவு தணியும். சோதனைச் சாவடி நெரிசலில் நிற்கும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கும், அடிக்கடி முகம் காட்ட வேண்டியவர்களுக்கும் தாடைப் பகுதியைத் தூக்கக்கூடிய மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதை ஓடும்போது இறக்கிப் பூட்டியிருக்க வேண்டும். தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினால் அதுவும் முகம் திறந்ததுதான்.

மாணவன் குணமானதும் அவனையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை 170-ஆம் எண் பேருந்தில் சிங்கப்பூருக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலில் தாயார் அர்ச்சனை செய்தார். தேக்காவில் சாப்பிட்டோம். பிறகு கடை தேடி நடந்தோம். வழியில் சுங்கை ரோடு வந்தது. 2017 ஜூலையில் மூடப்படும் வரை அங்கே பழம்பொருள் சந்தை இருந்தது. பழைய கடிகாரம் வாங்கலாம், பழைய சட்டி வாங்கலாம். பழைய தலைக்கவசம் மட்டும் வாங்கக் கூடாது. ஓடு பளபளவென்று இருக்கும். உள்ளே நுரை முன்பே நசுங்கியிருந்தால் நமக்குத் தெரியாது.

கடையில் பையன் முதலில் கை வைத்தது படம் போட்ட ஒரு கவசத்தின் மேல். தளர்வாக இருந்தது. "லேசா இருந்தாத்தான் டீச்சர் சுகமா இருக்கும்" என்றான். "சட்டை வாங்க வரலை தம்பி, தலைக்கு வாங்க வந்திருக்கோம்" என்றேன். கடைக்காரர் சிரித்தபடி, புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்து, வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அது கன்னத்தை இறுக்கிப் பிடித்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார். கவசம் தலையோடு கூடவே திரும்பியது. வாரை மாட்டிய பின், பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கி முன்னால் தள்ளிப் பார்த்தார். கழன்று வரவில்லை. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். கழன்று வரும் கவசம் எந்த வகையானாலும் வேண்டாம்.

பையன் வற்புறுத்த, நானும் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். என் கொண்டை இடித்துக் கவசம் பாதியிலேயே நின்றுவிட்டது. பெண்கள் கவனிக்க வேண்டும்: கொண்டையோடு கவசம் சரியாக உட்காராது. பின்னலைத் தாழ்த்திவிட்டுத்தான் அணிய வேண்டும்.

விலையைக் கேட்டதும் தாயார் என் கையைப் பிடித்தார். மோட்டார் சைக்கிளை மாதத் தவணையில் வாங்கும் நாம், அதோடு கடைக்காரர் இனாமாகக் கொடுக்கும் கவசமே போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆறு வாரச் சம்பளம் போனதை நான் நினைவூட்டவில்லை. அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு பணத்தை எடுத்தார்.

ஆனால் விலை உயர்ந்ததுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். உள்நாட்டில் வாங்குவதானால் சிரிம் முத்திரையும் எம்.எஸ். 1 என்ற தரக்குறியும் உள்ளதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் வாங்குவதானால் அந்நாட்டின் அங்கீகார முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. முழுமுகக் கவசத்தோடு ஒருவர் சாலையில் விழுந்து கிடந்தால், பதறிப்போய் அதைப் பிடுங்கக் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் கை கால் விளங்காமல் போய்விடும். கண்ணாடியைத் தூக்கி, மூச்சு வருகிறதா என்று பார்த்து, ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். மூச்சு அடைபட்டால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

நேயர்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் ஓடிச் சிங்கப்பூர் போய்வரும் பிள்ளைக்கு முழுமுகக் கவசமே ஏற்றது. தோட்டத்துக்குள்ளும் பக்கத்துப் பட்டணத்துக்கும் மெல்லப் போய்வருபவர், புழுக்கத்தால் அதைக் கழற்றி வைத்துவிடுவார் என்றால், முத்திரையுள்ள முகம் திறந்த கவசத்தை வாரோடு அணியட்டும். வார் மாட்டாத முழுமுகக் கவசத்தைவிட வார் மாட்டிய முகம் திறந்த கவசம் மேல். பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி அணியாதீர்கள். இருட்டில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விடியுமுன் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறீர்கள். வாசல் வரை வந்து வழியனுப்புகிறீர்கள். அப்போது அவன் தாடைக்குக் கீழே ஒரு விரலை விட்டு, வார் மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். என் மாணவனின் தாயார் இப்போது தினமும் அதைச் செய்கிறார். அவனுக்கு வெட்கந்தான்; ஆனாலும் தலையைக் குனிந்து காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறான்.