பழைய நிறுத்தத்தில் யாரும் நிற்க வேண்டாம்

(மண்ணடியில் நடைபெற்ற டிரஸ்ட் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமளான் ரேஷன் ஆகியவற்றின் கணக்கைச் சொல்வோம். அந்தக் கணக்கு அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இன்று வேறொரு விஷயம் பேசப் போகிறோம். பஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறோம். டிரஸ்டுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் கையால் நடந்த ஒரு தவற்றை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகிறோம். சம்பந்தம் தானாகப் புரியும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்மாவட்டத்தில் இருந்து ஓர் உம்மா கண் அறுவைச் சிகிச்சைக்காக நம்மிடம் உதவி கேட்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். இங்கே ஒரு மருத்துவமனையில் தேதி வாங்கி, கடிதம் அனுப்பினோம். நம் கடிதத்தின் பின்பக்கத்தில் வழி அச்சிட்டிருக்கும்: “கோயம்பேட்டில் இறங்கவும். 15பி பஸ்ஸில் ஏறி பிராட்வே வரவும்.” பல வருடங்களுக்கு முன் மொத்தமாக அச்சடித்த தாள் அது.

பஸ் விடியற்காலை மூன்றே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். இது நடுவழி நிறுத்தம் என்று நினைத்து அந்த உம்மா உட்கார்ந்தே இருந்திருக்கிறார். கண்டக்டர் வந்து, இதுதான் கடைசி என்று சொல்லி இறக்கிவிட்டார். அவரை அழைத்துவரப் போன உறவுக்காரப் பையனோ நம் பேச்சை நம்பிக் கோயம்பேட்டில் காத்திருந்தான். உம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. பார்வை மங்கிய ஒருவர், அவ்வளவு பெரிய நிலையத்தில், 15பி எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த பஸ் அங்கே வருவதே இல்லை. கடைசியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி தன் போனைக் கொடுத்து உதவினார். பையன் போய்ச் சேர்ந்து, இங்கே அழைத்து வருவதற்குள் மருத்துவமனை டோக்கன் நேரம் முடிந்துவிட்டது. மறுதேதி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பஸ் கட்டணம் வீண். அலைச்சல் வேறு.

நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது: “உங்க மேல என்ன தப்பு தம்பி, எனக்குத்தான் விவரம் பத்தல.” திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது 2023 டிசம்பர் 30ஆம் தேதி. ஜனவரி முடிவதற்குள் தெற்கே போகும் அரசு பஸ்கள் அங்கே மாறிவிட்டன. பத்திரிகையிலும் டிவியிலும் தினமும் அதே செய்திதான். நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் மேஜை இழுப்பறையில் இருந்த தாளை எடுத்துத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பொறுப்பு எங்களுடையது.

இந்த மஹல்லாவில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பழைய காலம் நினைவிருக்கும். அப்போது ஊருக்குப் போவதென்றால் பாரிமுனைதான். இஷா தொழுதுவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய் பஸ் ஏறுவோம். வழியனுப்பப் பாதித் தெரு வரும். 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறந்தது. வெளியூர் பஸ்கள் எல்லாம் அங்கே போயின. அன்றும் நாம் வருத்தப்பட்டோம். பிறகு 15பி பழகியது, மெட்ரோவும் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து நிலையம் ஜி.எஸ்.டி. சாலைக்கு, வண்டலூருக்கு அப்பால் போய்விட்டது. ஓர் ஆயுளுக்குள் நடந்து போகும் தூரத்தில் இருந்து ஊருக்கு வெளியே வரை போய்விட்டது.

மாற்றியது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. பெருநாள் சமயத்தில் கோயம்பேட்டில் ஏறி, தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை மணி நேரம் பஸ்ஸில் வெந்திருக்கிறோம்! நகரத்துக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்றுதான் 88 ஏக்கரில், 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து அதைக் கட்டினார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் ஒரு பஸ் நிலையம் நகரும்போது அதன் பாரம் எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. கார் உள்ளவருக்கு அது இன்னும் கொஞ்சம் பெட்ரோல். கைக்குழந்தையும் ஒரு மூட்டையும் வைத்திருக்கும் தாய்க்கு ஒவ்வொரு முறை வண்டி மாறுவதும் ஒரு சோதனை. முழங்கால் வலி உள்ளவருக்குத் தூரம் கிலோமீட்டரில் இல்லை, எத்தனை படி, எத்தனை பஸ் என்பதில் இருக்கிறது. சில வீடுகளில் ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்கள். மய்யித்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போகிறார்கள். இந்தப் பாதிப்பு யாருடைய கணக்கிலும் வராது, ஏனென்றால் அவர்கள் எந்த நிறுத்தத்திலும் நின்று புகார் சொல்வதில்லை.

ஆகவே, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்வோம். மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கம் கிளாம்பாக்கம். வேலூர், காஞ்சிபுரம், பெங்களூர்ப் பக்கமும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பஸ்களும் கோயம்பேடு. ஆந்திரப் பக்கம் 2018 முதல் மாதவரம். டிக்கெட் எடுக்கும்போதே எந்த நிலையம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

கிளாம்பாக்கத்தில் இருந்து நம் பகுதிக்கு வர மூன்று வழிகள் உண்டு. 21ஜி, 18ஏ ஆகிய மாநகர பஸ்கள் பிராட்வே வரை நேராக வரும். வண்டி மாறத் தேவையில்லை. இரண்டாவது, வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்து, மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன். மூன்றாவது, பஸ்ஸில் விமான நிலையம் வந்து, அங்கே மெட்ரோவில் ஏறினால் ரயில் மாறாமல் மண்ணடி ஸ்டேஷனிலேயே இறங்கலாம். லிப்ட் இருப்பதால் முதியவர்களுக்கு இது நல்லது, ஆனால் செலவு கூடுதல். விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை 15.46 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. அது வரும்போது வரட்டும்.

பெண்களுக்கு இன்னொரு விவரம். 2021 மே மாதம் முதல் உள்ள இலவசப் பயணம் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களுக்குத்தான். சொகுசு பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறும் முன் கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், ஊரில் இருந்து கிளம்பும்போதே பொழுது விடிந்த பிறகு வந்து சேரும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். நள்ளிரவில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அடுத்த மாற்றம் நம் வாசலுக்கே வருகிறது. பிராட்வே பஸ் நிலையத்தைப் பெரிய வளாகமாகப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கட்டி முடியும் வரை அங்கிருந்து புறப்படும் மாநகர பஸ்களை இராயபுரத்துக்கும் தீவுத்திடலுக்கும் தற்காலிகமாக மாற்றுவது என்பது திட்டம். கட்டடம் பழுதாகிக் கிடக்கிறது, புதிதாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் தற்காலிகம் என்றாலும், ஒரு கட்டடம் எழும்பும் காலம் ஒரு பெண் பிள்ளை கல்லூரிப் படிப்பை முடிக்கும் காலம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. புறப்படும் இடத்தில் ஏறுவது வேறு, நடுவழியில் ஏறுவது வேறு. பிராட்வேயில் பஸ் காலியாக நிற்கும். கர்ப்பிணிப் பெண் நிதானமாக ஏறி ஜன்னலோரம் உட்காரலாம். கைத்தடி ஊன்றியவர் ஏறும் வரை டிரைவர் காத்திருக்க அவகாசம் உண்டு. அதே பஸ் வேறிடத்தில் புறப்பட்டு நம் பக்கம் வந்தால், ஏற்கெனவே நிறைந்து வரும், சில நொடிகள் நிற்கும். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்கள், தேனாம்பேட்டைக்கு எஸ்.ஐ.இ.டி. கல்லூரிக்குப் போகும் நம் பெண் பிள்ளைகள் ஆகியோர் இழப்பது நிறுத்தத்தை மட்டுமல்ல, உட்காரும் இடத்தையும்தான். காலையில் ஏற முடியாமல் இரண்டு பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளையை, “இவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கத்தான் வேண்டுமா” என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. எங்கள் கவலை அதுதான்.

மனு கொடுக்கலாமே என்பீர்கள். கொடுப்போம். ஆனால் மனு எழுதுவதிலும் பாடம் கற்றிருக்கிறோம். முன்பு ஒரு நிறுத்தம் இடம் மாறியபோது, “எங்கள் பகுதி மக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள், ஆவன செய்ய வேண்டுகிறோம்” என்று எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். ரசீது கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. எந்த பஸ், எந்த நேரம், எந்த இடம், யாருக்குச் சிரமம், என்ன மாற்றம் வேண்டும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும்.

கொடுக்க வேண்டிய இடமும் ஒன்றல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பஸ்கள் நிற்கும் இடங்களை அரசு அல்லது அரசு அதிகாரம் தந்த அமைப்பு, உள்ளாட்சியைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். பஸ்ஸை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். நிழற்குடையும் விளக்கும் மாநகராட்சி. வண்டி நிற்க இடம் ஒழுங்கு செய்வது போக்குவரத்துக் காவல். மூவருக்கும் பிரதி போக வேண்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, மாறும் பஸ்கள் நம் பகுதி வழியாக வரும்போது நிற்கும் இடங்களை முன்கூட்டியே அறிவித்துப் பலகை வைக்க வேண்டும். இரண்டு, காலையிலும் மாலையிலும் சில பஸ்களாவது பாரிமுனைப் பக்கத்தில் இருந்து காலியாகப் புறப்பட வேண்டும். மூன்று, தற்காலிக நிலையத்தில் நிழல், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவை பஸ் வரும் முன்பே தயாராக இருக்க வேண்டும். நான்கு, பழைய நிலையத்தின் வாசலில் முதல் மாதம் வழிசொல்ல ஓர் ஊழியர் நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பலகை உதவாது.

இது முஸ்லிம்களுக்கான கோரிக்கை மட்டுமல்ல. பூக்கடையில் மூட்டை தூக்குபவருக்கும், கொத்தவால்சாவடியில் கடை வைத்திருப்பவருக்கும், சௌகார்பேட்டைக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதே தேவைதான். வியாபாரிகள் சங்கங்களையும் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு ஒன்றாகக் கையெழுத்திடுவோம்.

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியது வேறு. நம் டிரஸ்டின் கடிதங்களில் வழி விவரத்தை மாற்றிவிட்டோம். இப்போது அதன் கீழே, எந்தத் தேதியில் சரிபார்த்தோம் என்று கையால் எழுதுகிறோம். வெளியூரில் இருந்து வருபவருக்கு இரண்டு நாள் முன்பாகப் போன் செய்து, எங்கே இறங்குவது என்று வாயால் சொல்கிறோம்.

நீங்களும் உங்கள் வீட்டில் ஒன்று செய்யுங்கள். சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம், வழியும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் செயலி பேரனின் கையில் இருக்கிறது, நிறுத்தத்தில் நிற்பது நன்னி. பஸ் எண், ஏறும் இடம், இறங்கும் இடம், வீட்டு போன் நம்பர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நன்னியின் பைக்குள் வையுங்கள். முதல் தடவை கூடவே போய் வாருங்கள். சந்தேகம், புகார் இருந்தால் போக்குவரத்துக் கழகத்தின் கட்டணமில்லா எண் 149.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றம் தொடங்கும் நாளில் இருந்து இரண்டு வாரம், காலை ஏழு முதல் ஒன்பது வரையிலும், அஸருக்குப் பிறகு மஃரிப் வரையிலும், பழைய பிராட்வே நிறுத்தத்தில் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். பஸ் இங்கே வராது, அங்கே போங்கள் என்று சொல்ல வேண்டும். மூட்டை இருந்தால் தூக்கிக் கொடுக்க வேண்டும். யார் எந்த மதம் என்று பார்க்கத் தேவையில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும், வழி தெரியாதவருக்கு வழிகாட்டுவதும் தர்மம் என்று மதரஸாவில் நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம்.

அந்த உம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மறுதேதியில் ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். சில மாதங்கள் கழித்து அடுத்த கண்ணுக்காக வந்தார். இந்த முறை நம் கடிதத்தில் வழி சரியாக இருந்தது. பொழுது விடிந்து இறங்கி, உறவுக்காரப் பையனோடு 21ஜி பஸ்ஸில் உட்கார்ந்தே பிராட்வே வந்து சேர்ந்தார். வந்தவர், அந்தத் துப்புரவுப் பெண்மணியைத் தேடிப் பார்த்ததாகவும், காணவில்லை என்றும் வருத்தப்பட்டார். அவருக்காக நாமும் துஆ செய்வோம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மனுவில் சேர்க்க உங்கள் பஸ் எண்ணையும் நேரத்தையும் அதில் எழுதுங்கள். நிற்க முன்வரும் தம்பிகள் தங்கள் பெயரை எழுதுங்கள். எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.

வஸ்ஸலாம்.