மெட்டு ரோட்டில் போலீஸ் யாருக்காக நிற்கிறது?

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். கூலியைப் பற்றி நாம் பேசாத கூட்டம் கிடையாது. ஆனால் கூலி வாங்குகிறவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமல்லவா? ஆகவே இன்று ரோட்டைப் பற்றிப் பேசுவோம். அந்த ரோட்டில் போலீஸ் எந்த நேரத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோம்.

நம் ஊர் ஏலக்காய்ச் சந்தை உலகம் அறிந்த சந்தை. அந்தக் காயைப் பறிக்கிற கைகள் எப்படி மலையேறுகின்றன என்பதை உலகம் அறியாது. நமக்குத் தெரியும். கோழி கூவுமுன் எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு நம் தாய்மார்கள் ஜீப் வரும் இடத்தில் வந்து நிற்கிறார்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வண்டிகள் கிளம்புகின்றன. போடிமெட்டு வழியாகச் சில, கம்பம்மெட்டு வழியாகச் சில, குமுளி வழியாகச் சில. முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை. பொழுது சாயும்போது களைத்த உடம்போடு அதே வழியில் இறக்கம்.

இந்த வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று அதன் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஆள் கூடினால் வாடகை கூடும். ஒரு நடை முடிந்ததும் இன்னொரு நடை அடித்தால் இன்னும் கூடும். ஆகவே டிரைவர் விரட்டுகிறார். டிரைவரை மட்டும் ஏசிப் பயனில்லை, தோழர்களே. அவரும் கூலிக்காரர்தான். அவரை விரட்டுகிறவர் வேறொருவர்.

ஆள் கூடினால் என்ன ஆகிறது? பாரம் ஏற ஏற வண்டி தலைக்கனம் கொள்கிறது. வளைவில் சாயப் பார்க்கிறது. இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பிடிப்பு விட்டுப் போகிறது. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய பாடம். அகலம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்தின் விதி. அவசரத்தில் பாடமும் மறந்துபோகிறது, விதியும் மறந்துபோகிறது.

2023-ம் வருஷம் ஆகஸ்ட் 25-ந் தேதி வயநாட்டில் நடந்ததை மறக்க முடியுமா? தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிய பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப், மானந்தவாடிக்குப் பக்கத்தில் கண்ணோத்துமலையில் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் மாண்டார்கள். மக்கிமலை என்ற ஒரே ஊரின் அடுப்புகள் 9 அணைந்தன. நம் ஜில்லாவிலேயே, 2022 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சபரிமலைக்குப் போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஜனங்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். 2022-ல் மட்டும் இந்தியா முழுவதிலும் ரோட்டில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரே கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஒரு யுத்தத்தில் இவ்வளவு பேர் செத்தால் உலகமே கேட்கும். ரோட்டில் செத்தால் "விதி" என்று சொல்லி மூடிவிடுகிறார்கள்.

விதி அல்ல, தோழர்களே. காரணம் உண்டு, காரணம் உள்ளதைத் தடுக்க முடியும். தடுக்க வேண்டிய பொறுப்பில் உள்ளவர்களில் ஒருவர் போலீஸ்.

போலீஸ் ரோட்டில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. செக்போஸ்டில் இருக்கிறது. மாட்டுகிற வண்டிக்கு அபராதம் எழுதுகிறது. ஆனால் அந்தச் சோதனை நடக்கும்போது வண்டிக்குள் இருக்கிற தொழிலாளிக்கு என்ன தோன்றுகிறது? "ஐயோ, இறக்கி விட்டுவிட்டால் இன்றைக்குக் கூலி போச்சே!" என்றுதான் தோன்றுகிறது. ஆகவே செக்போஸ்டுக்கு முன்னாலேயே இறங்கி நடந்து, தாண்டியபின் மறுபடி ஏறிக்கொள்ளச் சொன்னால் அப்படியே செய்கிறார். தன் உயிரைக் காப்பதற்காக ஏற்பட்ட சட்டத்துக்குத் தானே ஒளிந்து நடக்கிறார்! ஏன்? அந்தச் சட்டம் அமலாகிற விதத்தில் நஷ்டம் அவருக்கு மட்டுமே வருகிறது. ஆளை வரச்சொன்ன தோட்டக்காரரைச் சோதனை தொடுவதில்லை.

போலீசைக் கண்டு நம் ஜனங்கள் ஒதுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பழையது. சென்னை ராஜதானியின் போலீஸ் 1859-ம் வருஷச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அன்னிய சர்க்காரைக் காப்பதே அதன் வேலை. இங்கிருந்து வெகு தூரமில்லை, பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்த ஜனங்கள் மீது அங்கே போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 16 பேர் மாண்டார்கள். அந்தச் சட்டம் 1947-ல் சென்னை ராஜதானியில் ஒழிந்தது. ஆனால் பாட்டன் சொன்ன கதை பேரன் காதில் இன்னும் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவென்று சில திட்டங்கள் வந்தன. 1993-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் போலீஸ் சூப்பிரண்டாக இருந்த பிரதீப் பிலிப் "போலீஸ் நண்பர்கள் குழு" என்பதை ஆரம்பித்தார். பிறகு அது ராஜ்யம் முழுவதும் பரவியது. ஜனங்களும் போலீசும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது நல்ல எண்ணந்தான். முடிவு என்ன ஆயிற்று? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற வியாபாரிகளான தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். அதில் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களுக்கும் பங்கு உண்டென்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் சர்க்காரே அந்தக் குழுவைத் தடை செய்தது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் படிப்பினை என்ன? போலீஸ் பொறுக்கி எடுத்த நாலு வாலிபர்கள் ஜனங்களின் பிரதிநிதிகள் ஆகிவிட மாட்டார்கள். ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டால்தான் அது ஜனங்களின் போலீஸ்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2008 முதல் "ஜனமைத்ரி" என்ற ஏற்பாடு உண்டு. பீட் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய் ஜனங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் முறை. நல்ல முறைதான். ஆனால் போடியிலிருந்து காலையில் ஏறி மாலையில் இறங்குகிற தொழிலாளிக்கு அங்கே வீடு இல்லை. வீடு இங்கே; வேலை அங்கே. இங்குள்ள போலீஸ் அவர் வேலைக்குப் போகும் வழியைப் பார்ப்பதில்லை. அங்குள்ள போலீஸ் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. இரண்டு ராஜ்யங்களின் எல்லைக்கோட்டில், இரண்டு போலீசின் கணக்கிலும் சேராமல் நம் ஜனங்கள் தினந்தோறும் பிரயாணம் செய்கிறார்கள்.

விபத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். இதை நன்றாகக் கேட்டு, வராதவர்களுக்கும் சொல்லுங்கள்.

முதலாவது, அடிபட்டவரைத் தூக்க யாரும் அஞ்ச வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது; 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் வந்து எழுதட்டும் என்று ஆஸ்பத்திரியும் காத்திருக்கக் கூடாது. முதலில் உயிர், பிறகு காகிதம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது.

இரண்டாவது, சிகிச்சைச் செலவு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் ஆரம்பித்த "நம்மைக் காக்கும் 48" திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக ஏற்பட்டது. ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்குத்தான் அது பொருந்தும். மெட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் உண்டு, அந்தப் பக்கம் விழுந்தால் இல்லை! 2025 மே மாதம் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டம் நாடு முழுவதற்கும் ஆனது. 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, ரொக்கம் கட்டாமல் சிகிச்சை என்பது அது. பணம் கட்டு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, நஷ்டஈடு. இங்கேதான் ஏழை அதிகமாக ஏமாறுகிறார். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்துக்குப்பின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே சாக்காகும். விவசாயத் தொழிலாளிகளை லாரியிலும் சரக்கு வேனிலும் ஏற்றுகிறார்கள் அல்லவா? சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2007-ல் இன்னொரு தீர்ப்பு. 42 பேருக்கான பஸ், ஏறியவர்கள் 90 பேர், பள்ளத்தில் விழுந்தது. கம்பெனி 42 பேர் கணக்குக்குத்தான் பணம் கட்டும், அதை அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது கோர்ட். தோழர்களே, இதன் பொருள் விளங்குகிறதா? கூடுதலாக ஏற்றிய ஆளின் வாடகை வண்டி முதலாளிக்குப் போகிறது. விழுந்தால், செத்தவர் குடும்பம் தன் பங்கில் பாதியைப் பக்கத்துப் பிணத்தோடு பிரித்துக்கொள்கிறது!

மில் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால், விபத்தில் இறந்தார். வேலைக்கு வருகிற வழியும் வேலையோடு சம்பந்தப்பட்டதே, நஷ்டஈடு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தக் குடும்பம் 22 வருஷம் காத்திருந்தது. சட்டம் கையில் இருந்தால் போதாது; அதைத் தூக்கிப் பிடிக்கச் சங்கம் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை.

அதிகாலையிலும் மாலையிலும், தொழிலாளி ஏறுகிற நேரத்திலும் இறங்குகிற நேரத்திலும், மலையடிவாரத்தில் போலீஸ் நிற்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே ஆளை எண்ண வேண்டும். பிரேக்கைப் பார்க்க வேண்டும். மாலையில் மெட்டில் நின்று இறங்குகிற வண்டியைப் பார்க்க வேண்டும். ஆள் கூடுதலாக இருந்தால், ஆளை வரச்சொன்னவர் இன்னொரு வண்டி அனுப்பட்டும். அன்றையக் கூலி குறையக் கூடாது.

வேலை நேரத்துக்குத் தகுந்தபடி இரு ராஜ்யங்களின் சர்க்கார் பஸ்களும் ஓட வேண்டும். பஸ் இருந்தால் யாரும் ஜீப்பில் தொங்க மாட்டார்கள். போடியிலும் சாந்தன்பாறையிலும் உள்ள போலீஸ் சேர்ந்து இந்த ஒரே ரோட்டைக் காக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஸ்டேஷனில் ஜனங்களின் கூட்டம் கூட வேண்டும். அதில் தோட்டத் தொழிலாளிப் பெண்களும் டிரைவர்களும் மில் தொழிலாளிகளும் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டும். எந்த வளைவில் எத்தனை விபத்து, எந்த வழக்கு என்ன ஆயிற்று என்று ஸ்டேஷன் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

இவ்வளவையும் சர்க்கார் தானாகக் கொடுக்கும் என்று நாம் காத்திருக்கப் போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டில் தீப்பிடித்தபோது, அடிவாரத்து ஜனங்கள் ஓடிப்போய் உதவினார்கள். யாரும் அவர்களுக்குச் சட்டைப் பட்டை கொடுத்து அனுப்பவில்லை. அந்த ஜனங்கள்தாம் இந்த ரோட்டுக்கும் காவல்.

ஒவ்வொரு ஜீப் நிற்கும் இடத்திலும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நம்பர், பலகையின் நிறம், ஏறிய ஆள் கணக்கு, இம்மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். கணக்குக்கு மேல் ஆள் வந்தால் "இன்னொரு வண்டி வரட்டும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை. ஊரே சொன்னால் காயைப் பறிக்க ஆள் ஏது? ஏலக்காய் செடியில் காத்திருக்காது, பழுத்தால் வெடித்துவிடும். அது தோட்டக்காரருக்கும் தெரியும்.

அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் போடி போலீஸ் ஸ்டேஷனுக்குச் சேர்ந்து போவோம். கணக்கு நம் கையில் இருக்கும். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.