எல்லை எழுதாத உறுதி

(பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்புப் பற்றி, யாழ்ப்பாணத்தில் இளைஞர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நம்மூரிற் காணி வாங்கும் எவரும் உறுதியிற் கையொப்பம் வைக்குமுன் நான்கு எல்லைகளையும் வாசிப்பித்துக் கேட்பர். கிழக்கே யார் காணி, வடக்கே எந்த ஒழுங்கை, கிணற்றிற் பங்கு உண்டா, வழிவாய்க்கால் உரிமை உண்டா என்று துருவித் துருவி வினாவுவர். இரண்டு பரப்புக் காணிக்கு இத்துணை விழிப்பாயிருக்கும் மனிதன், ஒரு நாட்டின் தலைவிதியை நிர்ணயிக்கும் வாக்குச் சீட்டில் எல்லை எதனையும் பாராமலே புள்ளடி இட்டுவிடுகின்றான். அத்தகைய ஒரு சீட்டைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

2016 ஜூன் 23 ஆம் நாள் பிரித்தானிய வாக்காளரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாகத் தொடர்ந்திருப்பதா, அல்லது அதைவிட்டு வெளியேறுவதா? இவ்வளவே கேள்வி.

அந்த வாக்கெடுப்பில் நம்மவர்க்கும் பங்கு இருந்தது. அங்கு வதியும் பொதுநலவாய நாட்டுப் பிரஜைகள் வாக்களிக்கலாம் என்பது விதி. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் இலண்டனில் வாழ்ந்த தமிழனுக்கு வாக்கு இருந்தது. அவன் அயல்வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைக்கு வாக்கு இருக்கவில்லை.

அந்நாட்களில் என் பள்ளித் தோழர் ஒருவர் இலண்டனிலிருந்து தொலைபேசியில் என்னைக் கேட்டார்: "நீ சட்டம் படித்தவன். நான் எந்தப் பக்கம் போடுவது?" அவர் மனம் வெளியேறும் பக்கமே சாய்ந்திருந்தது. தம்பியை அழைப்பதற்கு விசா கேட்டு அலைந்து சலித்தவர் அவர். ஐரோப்பியன் விசாவின்றி வந்து குடியேறுகின்றான், எனக்கு மட்டும் கதவடைப்பா என்பது அவர் வாதம். அவர் மனக்குறை பொய்யன்று. தாம் தெரிந்தெடுத்த பாராளுமன்றமே தமக்குச் சட்டம் ஆக்கவேண்டுமென வாதிட்ட ஆங்கிலேயரையும் நான் எள்ளி நகையாடமாட்டேன். தன்னாட்சி கேட்டு வளர்ந்த நாம், பிறர் அதைக் கேட்கும்போது நகைத்தல் தகாது.

அவருக்கு நான் கூறிய விடை இது: "அஞ்சாதே. இம்முடிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இது மக்களின் அபிப்பிராயம் கேட்பது மட்டுமே. உன் மனக்குறையைத் தெரிவிக்க விரும்பினால் தெரிவித்துவிடு."

சட்டப்படி அது சரியே. 2017 ஜனவரி 24 ஆம் நாள் மில்லர் வழக்கில், பாராளுமன்றச் சட்டமின்றி அரசாங்கம் வெளியேறும் அறிவித்தலைக் கொடுக்கமுடியாதெனப் பதினொரு நீதியரசருள் எண்மர் தீர்ப்பளித்தனர். ஆனால் அரசியலில் என் விடை முழுப் பிழை. வெளியேறுவதற்கு 1 கோடியே 74 இலட்சம் வாக்குகள், அதாவது 51.9 வீதம், தொடர்ந்திருப்பதற்கு 1 கோடியே 61 இலட்சம், அதாவது 48.1 வீதம். மறுநாளே பிரதமர் டேவிட் கமரூன் பதவி துறக்கப்போவதாக அறிவித்தார். ஒன்றியத்தில் இருத்தலே நன்று எனக் கருதிய உறுப்பினரே பாராளுமன்றத்திற் பெரும்பான்மையினர். எனினும், மக்கள் தீர்ப்பு என்ற சொல்லின் முன் அவர்களும் வாய் மூடினர். 2017 மார்ச் 29 ஆம் நாள் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. கட்டுப்படுத்தாத வாக்கு கட்டுப்படுத்திவிட்டது!

இன்னொரு பிழையும் செய்தேன். நண்பரின் தம்பிக்கு விசா மறுத்த சட்டம் ஐரோப்பாவின் சட்டமன்று; அது இலண்டனில் ஆக்கப்பட்ட சட்டம். ஒன்றியத்தில் இருந்தாலும் வெளியேறினாலும் அந்தத் திறப்பு வெஸ்ற்மின்ஸ்ரரின் கையிலேயே இருந்தது. 2024 இல் தொழில் விசாவுக்கான சம்பள வரம்பை 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணுக்கு உயர்த்தியதும் அதே கைதான். அவர் கோபம் கொண்ட விடயம் அந்தச் சீட்டில் இருக்கவேயில்லை. இதை நான் அன்றே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

அன்பர்களே! சீட்டில் இல்லாத எல்லைகள் இன்னும் எத்தனை! வெளியேறுவது எங்கே செல்வதற்கு? நோர்வேயைப் போலப் பொதுச் சந்தையில் இருந்துகொண்டா? சுங்க ஒன்றியத்தில் நின்றா? உடன்படிக்கை எதுவுமின்றியா? இதை ஒருவரும் வாக்காளரிடம் கேட்கவில்லை. ஆகவே பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த உடன்படிக்கையைப் பாராளுமன்றம் 2019 இல் மூன்று முறை நிராகரித்தது. பிரித்தானியா வெளியேறியது 2020 ஜனவரி 31 இல். வர்த்தக உடன்படிக்கை முடிவானது அவ்வாண்டு டிசெம்பர் 24 இல். கையொப்பமிட்டு நாலரை ஆண்டு கழிந்த பின்னரே காணியின் எல்லை தெரியவந்தது.

அயர்லாந்தின் நடுவே 1998 ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையின் பின் சோதனைச் சாவடிகள் மறைந்திருந்த எல்லை, திடீரென ஒன்றியத்தின் எல்லையாயிற்று. அதைத் தவிர்க்கவே வட அயர்லாந்துக்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அதை 2023 இல் மறுபடியும் திருத்தவேண்டி வந்தது.

இனி, யாவற்றிலும் பெரிய எல்லைக்கு வருகின்றேன். வாக்குகளை எந்த எல்லைக்குள் எண்ணுவது? ஸ்கொத்லாந்தில் 62 வீதத்தினரும் வட அயர்லாந்தில் 55.8 வீதத்தினரும் தொடர்ந்திருக்கவே வாக்களித்தனர். நான்கு நாடுகளும் இணங்கினாலன்றி வெளியேறலாகாது என ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சி 2015 இல் கொண்டுவந்த திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அந்நாடுகளின் சட்டசபைகளுக்குத் தடுக்கும் உரிமை இல்லையென மில்லர் வழக்கில் நீதியரசர் அனைவரும் ஒருமுகமாகக் கூறினர். இங்கிலாந்தின் எண்ணிக்கை அவர்களையும் இழுத்துச் சென்றது.

இதற்கு எதிர்மாறான சரித்திரமும் உண்டு. கிறீன்லாந்து மக்கள் 1972 இல் ஐரோப்பிய சமூகத்திற் சேர்வதை எதிர்த்தே வாக்களித்தனர். டென்மார்க்கின் பகுதியாகையால் 1973 இல் அவர்களும் சேர்க்கப்பட்டனர். 1979 இல் அவர்களுக்குச் சுயாட்சி கிடைத்தது. 1982 இல் தாமே வாக்கெடுத்து, 1985 இல் வெளியேறினர். டென்மார்க் உள்ளேயே இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. சுயாட்சி பெற்ற சிறு மக்கட்கூட்டம் தன் வாக்கைத் தானே எண்ணியது.

நமக்கும் இது புதிதன்று. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றி ஆறாண்டு நீட்டலாமா என 1982 டிசெம்பர் 22 இல் நம்மைக் கேட்டனர். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோருட் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கே போட்டனர். தீவு முழுவதையும் கூட்டியபோது விளக்கு வென்றது.

சமஷ்டி நாடாகிய அவுஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு வாக்காளரின் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். தலைகளை எண்ணுவதோடு மாநிலங்களையும் எண்ணும் முறை அது.

இளைஞர்களே! நாளை இலண்டனிலோ இங்கேயோ இத்தகைய சீட்டொன்று உங்கள் கையில் வரலாம். அப்போது, அந்த ஒன்றியம் நல்லதா கெட்டதா என்பதோடு நில்லாதீர். என் மனக்குறைக்கும் இக்கேள்விக்கும் தொடர்பு உண்டா? பழையது போனபின் வருவது எது, அதை எழுதிக் காட்டினார்களா? பிழையென்று கண்டால் திரும்பிவர வழி உண்டா? எந்த எல்லைக்குள் என் வாக்கு எண்ணப்படும்? இந்நான்குக்கும் விடை பெற்ற பின் எப்பக்கம் வாக்களித்தாலும் அது உங்கள் உரிமை. விடை பெறாமற் புள்ளடி இடுவது எல்லை எழுதாத உறுதியிற் கைநாட்டு வைப்பதாகும்.

நண்பர் வெளியேறும் பக்கமே வாக்களித்தார். அவரை நான் குறை கூறவில்லை. கேட்டபோது எல்லையை வாசித்துக் காட்டாத சட்டத்தரணியையே குறை கூறுகின்றேன்.