தூசியும் குரல் நாண்களும்

கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்துள்ள வடக்கனந்தல் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அரிசி ஆலைகளும் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. இத்தகைய தொழில்களில் எழும் தூசியும் புகையும் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும், அவை போகும் வழியிலுள்ள குரல்வளையும் பாதிக்கப்படுவது போதிய கவனம் பெறவில்லை.

குரல்வளைக்குள் இருக்கும் இரு தசைமடிப்புகளே குரல் நாண்கள் எனப்படுகின்றன. மூச்சை இழுக்கும்போது விலகி வழிவிடும் இவை, பேசும்போது நெருங்கி, நொடிக்கு ஆண்களிடம் 100 முறைக்கு மேலும் பெண்களிடம் 200 முறை அளவிலும் அதிர்கின்றன. மூட்டையைப் பிரித்து நெல்லைக் கொட்டுகையில் எழும் சுணை கலந்த தூசி, நாண்களின் மேலுள்ள ஈரப்படலத்தை உறுத்தி உலர்த்துகிறது. இயந்திர இரைச்சலை மீறி உரக்கப் பேச வேண்டியிருப்பதும் அதனுடன் சேர, நாண்கள் வீங்கிக் குரல் கம்முகிறது. விறகடுப்பின் புகையும் பீடிப் புகையும் இக்கேட்டை மிகுவிக்கின்றன.

சிலருக்கு, நெடியோ புகையோ பட்டவுடன், விலக வேண்டிய நாண்கள் மூச்சை இழுக்கும்போதே நெருங்கிவிடுவதால் தொண்டை இறுகித் திணறல் ஏற்படுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள், ஆஸ்துமா எனக் கருதப்பட்ட ஐவரிடம் இந்நிலையைக் கண்டு 1983-இல் விவரித்தனர். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் இளைப்பொலி எழ, இதில் மூச்சை இழுக்கும்போது தொண்டையில் ஒலி எழுகிறது. இந்நிலைக்கு இன்ஹேலரால் பெரும்பயன் விளைவதில்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடுமாதலால், மருத்துவரைக் கேளாமல் இன்ஹேலரை நிறுத்தலாகாது. குழாய்க் கருவியால் குரல்வளையை நேரில் பார்த்து இது உறுதிசெய்யப்படுகிறது. மூக்கால் இழுத்து, குவித்த உதடுகள் வழியே மெல்ல விடும் மூச்சுப் பயிற்சியே இதற்கு முதன்மைச் சிகிச்சையாகும்.

தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 14-ஆம் பிரிவிலேயே வகுத்தது. தொழிலாளியின் முகத்தில் துண்டைக் கட்டிவிடுவதோடு ஆலை உரிமையாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால், புற்றுநோய்க்கும் அதுவே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது. மூச்சுத் திணறினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.