மேடம், மிஸ், மிசஸ்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பவர்கள் பெண்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இடுப்பில் பிள்ளையோடு வருகிறவர் ‘அக்கா’. தலை நரைத்தவர் ‘அம்மா’. இன்னும் தளர்ந்தவர் ‘பாட்டிம்மா’. தோளில் கைப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்றால் உடனே ‘மேடம்’. செங்கம் சாலையில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரருக்கு வெள்ளைக்காரப் பெண் எந்த வயதானாலும் மேடம்தான். அவருடைய தாத்தா காலத்தில் ‘துரைசானி’ என்றிருப்பார்கள்.

மேடம், ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘என் தலைவி’ என்று பொருள். சீமாட்டிகளுக்கு உரியதாக இருந்தது, இன்று நம் இளநீர்க் கடைவரை வந்துவிட்டது.

மிஸ், மிசஸ் கதை இன்னும் சுவையானது. இரண்டுமே ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே சொல்லின் சுருக்கம். வீட்டையோ தொழிலையோ ஆளுகிறவள் மிஸ்ட்ரஸ். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணை மிசஸ் என்றால் மதிப்புள்ளவர் என்று அர்த்தம். கல்யாணம் ஆகியிருக்க வேண்டிய அவசியமில்லை. பெரிய வீடுகளை நிர்வகித்த தலைமைப் பணிப்பெண்கள், கல்யாணமே ஆகாவிட்டாலும் மிசஸ்தான். சிறுமிகளைக் கூப்பிட வழங்கிய மிஸ், மெல்லக் கல்யாணமாகாத பெரிய பெண்களுக்கும் ஆனது. கல்யாணக் கோடு நடுவில் விழுந்தது அப்படித்தான். ஆம்பளைக்கு மட்டும் ஒரே மிஸ்டர்!

மிஸ், மிசஸ் இரண்டுக்கும் பொதுவாக ‘எம்.எஸ்.’ என்று எழுதலாமே என அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று 1901இலேயே யோசனை சொன்னது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960களில் பெண்ணுரிமைப் போராளி ஷீலா மைக்கேல்ஸ் அதைக் கையிலெடுத்தார். அவர் எடுத்துச் சொன்னதும் வானொலியில்தான் என்பதில் வானொலிக்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. 1972இல் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் தோழியரும் அந்தப் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்தச் சொல்லை ஏற்று இறங்கிவர 1986 ஆயிற்று.

நம் பக்கம் 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’, ‘குமாரி’ ஆகியவற்றை விலக்கித் திரு, திருமதி, செல்வி கொண்டுவந்தார். வடசொல் போயிற்று, கல்யாணக் கேள்வி போகவில்லை. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோதும் அரசு அறிவிப்பில் ‘செல்வி’. கட்சிக்காரர்கள் வாயில் ‘அம்மா’. இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளிலோ பேரன் எடுத்த ஆசிரியைகூட ‘மிஸ்’தான். அந்தச் சொல்லிலிருந்து கல்யாணத்தைப் பிள்ளைகள் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

உறவு சொல்லி அழைப்பது நம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது பெயரை விழுங்கிவிடும். திருவண்ணாமலையில் ரமண மகரிஷிக்கு உணவளித்த மூதாட்டி ஒருவர், நூல்களில்கூடக் ‘கீரைப் பாட்டி’ என்றுதான் வருகிறார்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் ‘திருமிகு’ என்று ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. சிலர் அழைப்பிதழில் போடவும் செய்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் அச்சகத்துக்குப் போகும்போது, பெண்களின் பெயருக்கு முன்னாலும் அதையே போடச் சொல்லுங்கள்.