‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவில்

(மூலக்குளத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எரிச்சலூட்டும் பேச்சுப் பழக்கங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேருந்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவது, பேசும்போதே குறுக்கே விழுவது என்று பட்டியல் போட்டுச் சிரித்துவிட்டுக் கலையலாம். நான் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் அம்மா பாகூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் போனவர். நிலத்துக்காரர் வீட்டுப் பேரனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். வரப்பில் நின்றபடி அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்: “இங்க வா.” அம்மா, “இதோ வரேங்க தம்பி” என்பார். அதே பையன் மளிகைக் கடைக்காரரை ‘அண்ணே’ என்பான். பேருந்து நடத்துநரை ‘சார்’ என்பான். மரியாதை தெரியாத பிள்ளை இல்லை. யாருக்கு எது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமலே கற்றுக்கொண்ட பிள்ளை. “நீ திருப்பிச் சொன்னா என்னம்மா?” என்று கேட்டேன். “சொன்னா நாளைக்கு நடவுக்கு யாரு கூப்பிடுவா?” என்றார். கூலியும் ஒருமையும் ஒரே முடிச்சில் இருந்தன.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் குற்றம். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இங்க வா’வில் சாதிப் பெயரே இல்லை. காவல் நிலையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

நம் ஊரை ஆண்டவர்களின் மொழியிலும் இது உண்டு. பிரெஞ்சில் ‘தூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். காலனிகளில் வெள்ளை அதிகாரிகள் உள்ளூர்க்காரர்களை ‘தூ’ போட்டுத்தான் பேசினார்கள். இன்றைய பிரான்சில், 2014 முதல் நடப்பில் உள்ள காவல்துறை நடத்தை விதிகள் மக்களிடம் ‘வூ’ போட்டே பேசச் சொல்கின்றன. விதி எழுத வேண்டி வந்தது ஏன் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் காலனி கைமாறியது. ஊர்க் கடைசியில் இருக்கும் ‘காலனி’ அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அது நம் யூனியன் பிரதேசத்தைக் கட்டுப்படுத்தாது. பெயர்ப் பலகையை மாற்றினாலும் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்ற கேள்வி மாறாது. அதைக் கேட்பவர்களில் நம் தோழர்களும் உண்டு. “உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே” என்று பாராட்டுபவர்களும் உண்டு. நிலத்துக்காரரைவிட இவர்கள்தான் எனக்கு அதிகம் வலிப்பவர்கள்.

பெரியார் சிறு பிள்ளைகளைக்கூட ‘வாங்க’ என்றுதான் அழைப்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். உங்கள் வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் ஒருவர் வருகிறாரே, அவருக்கு உங்கள் அப்பா வயது இருக்கும். அவரை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? நீங்கள் அவர் பக்கத்தில் நின்று “அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டால், உள்ளே இருக்கும் உங்கள் பாட்டி என்ன சொல்வார்? முகநூலில் எழுதுவதைவிட அந்த ஐந்து நிமிடம் கஷ்டமானது. செய்து பார்த்தவர்கள் இங்கே இருந்தால், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முடியாமல் போனவர்களும் சொல்லுங்கள். மைக்கை அந்தப் பக்கம் கொடுத்துவிடுகிறேன்.